எட்டுக் கீ இருக்கிறது, காற்று நிற்கிறதா?

வாசகர் கேள்வி–பதில்: கையால் செய்த மரக்குழல்களை வாங்குவதும் விற்பதும். பதில் சொல்பவர், பினாங்கு ஜார்ஜ் டவுனில் கிளாரினெட், ஓபோ, மரக்குழல் போன்றவற்றைப் பழுது பார்க்கும் பட்டறைக்காரர். (கீ என்பது குழலின் துளையை மூடித் திறக்கும் உலோக விசை.)

பட்டர்வொர்த் வாசகர்: லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் கறுப்பு மரக்குழல் ஒன்றைப் பார்த்தேன். எட்டுக் கீ. தலைப்பகுதி மட்டும் வெள்ளை, யானைத் தந்தமாம். ‘1850-இல் லண்டனில் செய்தது, கீ எல்லாம் அசல் வெள்ளி’ என்று சொல்லி 2,800 ரிங்கிட் கேட்கிறார். வாங்கலாமா ஐயா?

விற்பவர் சொல்லும் கதையில் வெள்ளைத் தலையும் லண்டனும் ஒட்டவில்லை. லண்டன் பட்டறைகள் பெரும்பாலும் தலையையும் உடலையும் ஒரே மரத்தில்தான் கடைந்தன. தந்தத் தலை, கறுப்பு உடல் என்றால் என் சந்தேகம் ஜெர்மனியின் பக்கம் போகும். ஹானோவர் நகரத்தில் மேயர் என்ற பெயருள்ள குழல் கைவினைஞர் செய்த மாதிரியைப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் பட்டறைகள் இப்படிப்பட்ட குழல்களை ஏராளமாகச் செய்து ஏற்றுமதி செய்தன. மேயர் பெயரே பொறித்திருந்தாலும் அவர் கை பட்டது என்று நம்பிவிட வேண்டாம். அவர் பாணியில் செய்தது என்று ஜெர்மன் மொழியில் பொறித்து விற்றவர்கள் அதிகம்.

லண்டன் என்றால் முத்திரை எங்கே என்று கேளுங்கள். ஜார்ஜ் ருடால், ஜான் மிட்செல் ரோஸ் இருவரும் 1821-இல் கூட்டாகத் தொடங்கிய ‘ருடால் அண்ட் ரோஸ்’ பட்டறையின் குழல்களில் பெயரோடு கடை முகவரியும் இருக்கும், வரிசை எண்ணும் இருக்கும். கடை இடம் மாறியபோதெல்லாம் முகவரியும் மாறியது; அதை வைத்தே காலத்தைக் கணிக்கிறார்கள். முத்திரை இல்லாத குழலுக்கு ஆண்டு சொல்பவர், ஆண்டைத் தன் வாயிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

கீ வெள்ளியாக இருக்கலாம். ஆனால் இந்த வகையில் பெரும்பாலும் இருப்பது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது. பெயரில் தவிர வேறு எங்கும் அதில் வெள்ளி கிடையாது.

இதெல்லாம் போகட்டும். சந்தையிலேயே நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கால் துண்டைச் சேர்க்காமல் உடல் துண்டுகளை ஒன்றாகப் பொருத்தி, அடிமுனையைக் கார்க்கால் அடையுங்கள். ஆறு துளைகளையும் விரலால் மூடிக்கொண்டு, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். நல்ல குழல் உதட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்தால் ‘பொக்’ என்று சத்தம் வரும். காற்று சர்ரென்று உள்ளே வந்தால் ஏதோ ஒரு கீ ஒழுகுகிறது, அல்லது மரம் வெடித்திருக்கிறது. வாய் வைக்கக் கூச்சமாக இருந்தால் ஒரு முறை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள். 2,800 ரிங்கிட் கொடுக்கக் கூசாதவர் இதற்குக் கூசக் கூடாது.

அடுத்தது சுருதி. கைப்பேசியில் ட்யூனரைத் திறந்து ஊதிப் பாருங்கள். இன்றைய வழக்கம் ‘ஏ’ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். விக்டோரியா காலத்து ஆங்கிலேயக் குழல்களில் 452 அளவுக்கு உயர்ந்த சுருதியும் உண்டு. தலையை வெளியே இழுத்தால் இறங்கிவிடும் என்பார் விற்பவர். இழுத்தால் மேல் துளைகளின் ஸ்வரங்கள் ஒரு பங்கும் கீழ்த் துளைகளின் ஸ்வரங்கள் வேறொரு பங்கும் இறங்கும். பிறகு எதுவும் எதனோடும் சேராது.

கடைசியாகத் தந்தம். தலையின் விளிம்பில், குறுக்கு வெட்டு தெரியும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். யானைத் தந்தத்தில் மெல்லிய வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். எலும்பில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். பிளாஸ்டிக்கில் இரண்டும் இராது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், தழும்பு நிற்கும். உண்மையான தந்தம் என்று தெரிந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்காமல் வாங்காதீர்கள். நம் நாட்டில் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய 2008-ஆம் ஆண்டின் சட்டம் 686 இருக்கிறது. எல்லை தாண்டி அனுப்ப அனுமதி இல்லாமல் முடியாது. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்த விற்பனைக்கே தடை. 1975-க்கு முந்திய, தந்தம் 20 விழுக்காட்டுக்குக் குறைந்த இசைக் கருவிகளுக்குப் பதிவின்பேரில் விலக்கு உண்டு. தலை முழுவதும் தந்தமாக இருந்தால் அந்தக் கணக்குக்குள் அடங்குவது கடினம். ஆக, வாங்கியவர் பிறகு விற்க முடியாமல் தவிக்கும் பொருள் இது.

என் தீர்ப்பைக் கேட்டால்: அலமாரியில் வைக்க என்றால் பாதி விலைக்குப் பேரம் பேசுங்கள். ஊதுவதற்கு என்றால் விட்டுவிடுங்கள்.

பூச்சோங் வாசகி: என் குழலின் வெள்ளிக் கீகள் கறுத்துவிட்டன. எந்தப் பாலிஷ் நல்லது?

எதுவும் வேண்டாம். கீயின் அடியில் துளையை அடைக்கும் தோல் மெத்தைதான் பேட்; பாலிஷ் அதற்குள் இறங்கினால் பேட் போய்விடும். ஊதி முடித்ததும் பருத்தித் துணியால் வியர்வையைத் துடையுங்கள். கறுப்பு அழகாகத்தான் இருக்கிறது.

சுங்கை பட்டாணி வாசகர்: அயர்லாந்து நாட்டுப்புற இசையைக் கேட்டு மயங்கிவிட்டேன். கையால் செய்த புது மரக்குழல் ஒன்றை வரவழைக்க ஆசை. ஆறு கீயா, எட்டுக் கீயா? காசு பரவாயில்லை.

‘காசு பரவாயில்லை’ என்று எந்தக் கைவினைஞருக்கும் எழுதிவிடாதீர்கள் தம்பி.

ஆறும் வேண்டாம், எட்டும் வேண்டாம். முதல் குழல் கீயே இல்லாததாக இருக்கட்டும். கஞ்சத்தனத்தால் சொல்லவில்லை. அயர்லாந்து மெட்டுகளில் பெரும்பகுதி ‘டி’ சுருதியிலும் ‘ஜி’ சுருதியிலும் அமைந்தவை. ஆறு துளையும், மேல் துளையைத் திறந்து அதற்குக் கீழ் உள்ளவற்றை மூடும் ஒரு குறுக்கு விரல் வைப்பும் அவற்றுக்குப் போதும். அந்த நாட்டில் பெயர் பெற்ற வாசிப்பாளர்கள் பலரே கீயை எப்போதாவதுதான் தொடுகிறார்கள்.

கீ எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விலையும் புரியும். பழைய குழலின் ஆறு துளைகளில் சில அரை ஸ்வரங்கள் சரியாக வரவில்லை. அவற்றுக்காகத் தனித் துளை போட்டு, எப்போதும் மூடியிருக்கும் மூடி ஒன்றை ஸ்பிரிங்கோடு வைத்தார்கள். எட்டுக் கீ குழலில் இடம் இப்படி: ஈ-ஃபிளாட்டுக்கு ஒன்று, எஃபுக்குக் குட்டையும் நெட்டையுமாக இரண்டு, ஜி-ஷார்ப், பி-ஃபிளாட், சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, கால் துண்டில் கீழ் சி-ஷார்ப்புக்கும் கீழ் சி-க்கும், திறந்தே இருந்து அழுத்தினால் மட்டும் மூடும் இரண்டு. கடைசி இரண்டையும் கழித்தால் ஆறு கீ குழல். பிறகு மியூனிக் நகரத்துப் பொற்கொல்லர் தியோபால்ட் போம் துளைகளையும் விசைகளையும் அடியோடு மாற்றி, 1847-இல் உலோக உருளைக் குழலைக் கொண்டுவந்தார். வாத்தியக் குழுக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். அவர்கள் கழித்துப் போட்ட மரக்குழல்கள் மலிவாகக் கிடைத்ததால் அயர்லாந்தின் கிராமத்து வாசிப்பாளர்கள் கைக்கு வந்தன. இன்று அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கையால் செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய லண்டன் குழல்களை அளந்துதான் செய்கிறார்கள்.

இனிக் கையால் கீ வைக்கிற வேலையைப் பாருங்கள். மரத்தைக் கடையும்போதே கீ உட்கார வேண்டிய இடத்தில் ஒரு வளையத்தைத் தடிப்பாக விட்டுவைக்க வேண்டும். பிறகு உளியாலும் அரத்தாலும் அந்த வளையத்தைச் செதுக்கி எடுத்து, இரண்டு சிறு கட்டைகளை மட்டும் நிற்க விட வேண்டும். அவற்றின் நடுவே வெள்ளிக் கம்பியில் அறுத்து அராவிய கீயை நுழைத்து, குறுக்கே முள் குத்தி, அடியில் ஸ்பிரிங் வைத்து, மூடி உட்காரும் பள்ளத்தை மட்டமாக்கி, தோல் பேட் ஒட்ட வேண்டும். இப்படி எட்டு. அதனால்தான் கீ இல்லாத குழலின் விலையைப் போல மூன்று நான்கு மடங்கு எட்டுக் கீ குழலுக்கு ஆகிறது. வேலைக்கு அந்த விலை நியாயம்தான். உங்களுக்கு இப்போது அந்த வேலையால் பயனில்லை, அதுதான் பிரச்சினை.

நீங்கள் காசு கொடுக்க வேண்டியது ஊதுதுளைக்கு. நாதம் அங்கேதான் பிறக்கிறது. அதன் விளிம்பைக் கத்தியால் அரை மில்லிமீட்டர் கூட்டிக் குறைப்பதில்தான் ஒரு கைவினைஞரின் பெயரே இருக்கிறது. கீ இல்லாத, நல்ல ஊதுதுளை உள்ள குழல் பத்து ஆண்டு கழித்தும் உங்களோடு இருக்கும். எட்டுக் கீயும் மந்தமான ஊதுதுளையும் உள்ள குழல் ஆறு மாதத்தில் விற்பனை விளம்பரத்தில் இருக்கும்.

எழுதும்போது கேட்க வேண்டியவை: காத்திருப்புக் காலம் எவ்வளவு (பேர் பெற்றவர்களிடம் ஆண்டுக்கணக்கில் ஆகலாம்), முன்பணம் திரும்பக் கிடைக்குமா, ஊதிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப எத்தனை நாள், பின்னால் கீ வைக்கத் தோதாகக் கட்டைகளை விட்டுச் செய்து தருவாரா. கடைசிக் கேள்விக்குச் சிலர் சம்மதிப்பார்கள். அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: டெல்ரின் என்ற பாலிமரில் கடைந்த குழல்கள் மரத்தைவிட மிக மலிவு. வெடிக்காது, வளையாது. உச்சிவெயிலில் காரில் பொருளை விட்டுப் போகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையே வாங்குங்கள்.

கிள்ளான் மாணவி: கர்நாடக சங்கீதத்தில் மூங்கில் குழல் கற்கிறேன். கீ வைத்த மரக்குழல் வாங்கினால் அதிலும் வாசிக்கலாமா? என் குரு ‘வேண்டாம்’ என்கிறார், காரணம் சொல்லவில்லை.

காரணத்தை நான் சொல்கிறேன் தங்கை. உங்கள் விரல் வைப்பு அப்படியே இந்தக் குழலுக்குப் பொருந்தும். மேலே இரண்டு துளைகளை மூடினால் ஸட்ஜம். ‘டி’ குழலில் அது ‘ஏ’யில் விழும், அதாவது ஆறு கட்டை. கீயைத் தொடாமல் விரலை ஒவ்வொன்றாக எடுத்தால் மூங்கிலில் வருவதுபோலவே ஹரிகாம்போஜி வரும். கீகளைக் கணக்குப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பி-ஃபிளாட் கீ சுத்த ரிஷபம், சி கீ சாதாரண காந்தாரம், ஈ-ஃபிளாட் கீ பிரதி மத்யமம், இரண்டு எஃப் கீகளும் சுத்த தைவதம், ஜி-ஷார்ப் கீ காகலி நிஷாதம். ஆறு கீயில் விட்டுப்போன ஐந்து ஸ்வரங்களும் வந்துவிட்டன. லண்டன்காரர் நமக்காகவே செய்ததுபோல் இருக்கிறது, இல்லையா?

இருக்கிறது, ஆனால் இல்லை. மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசைக்கு இந்தக் கீகள் போதும். அதே ராகத்தின் ரிஷபத்தை அசைக்கச் சொன்னால் கீ திண்டாடும். கீ ஒன்று மூடியிருக்கும், அல்லது திறந்திருக்கும். நடுவில் அதற்கு நிலை கிடையாது. விரலோ துளையின் ஓரத்தில் வழுக்கிக்கொண்டு போய் இரண்டு ஸ்வரங்களுக்கு இடையில் உள்ள அத்தனை இடத்தையும் தொட்டு வரும். கமகம் அங்கேதான் இருக்கிறது. கும்பகோணத்து சரப சாஸ்திரி கச்சேரிக் கருவியாக உயர்த்திய குழலை, பின்னால் வந்த குழல் வித்வான் மாலி பாடுகிற குரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த வித்தைக்கு வேண்டியது திறந்த துளையும் விரலும்தான். கீ ஒரு பழக்கமானால் விரல் சோம்பிவிடும் என்பது உங்கள் குருவின் பயம். நியாயமான பயம்.

மரத்தின் நாதம் பிடித்திருந்தால் கீ இல்லாத மரக்குழல் ஒன்றை வாங்கி, குருவிடமே கொடுத்து ஊதச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஐரோப்பியக் குழலின் உட்புறம் கால் பக்கம் போகப் போகக் குறுகும், மூங்கிலின் உட்புறம் ஏறக்குறைய நேர். அதனால் காற்று கொடுக்கும் விதம் மாறும், மேல் ஸ்தாயியில் முதலில் தடுமாறுவீர்கள். அரங்கேற்றம் நெருங்கும் நேரத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: பூஞ்சைக்குப் பயந்து என் கருமரக் குழலைக் கேமரா வைக்கும் டிரை கேபினெட்டில் 40 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைத்திருக்கிறேன். சரிதானே?

இன்றைக்கே வெளியே எடுங்கள். பினாங்குக் காற்றில் ஈரம் பெரும்பாலும் 70-க்கு மேல்தான் நிற்கும். மரம் அதற்குப் பழகியிருக்கிறது. அதை 40-இல் அடைத்தால் மரம் சுருங்கும். தலைத் துண்டுக்குள் சுருதி சேர்க்க வைத்திருக்கும் உலோகக் குழாய் சுருங்காது. சுருங்கும் மரத்துக்கு நடுவே சுருங்காத உலோகம் இருந்தால் வழிவிட வேண்டியது மரம்தான். நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடும். பழைய குழல்களில் தலையும் அதை அடுத்த துண்டும் வெடித்திருப்பதற்கு முதல் காரணம் இதுவே. ஐரோப்பியக் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கிக் காற்றை உலர்த்துகிறவர்களுக்கு வருகிற வியாதியை நீங்கள் மின்சாரச் செலவு செய்து வரவழைக்கிறீர்கள்.

பூஞ்சைக்கு மருந்து துணிதான். ஊதி முடித்ததும் உள்ளே துடைத்து, துண்டுகளைப் பிரித்து, அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள். ஈரத் துணியை அதே பெட்டியில் சுருட்டி வைக்காதீர்கள். பூஞ்சையை வளர்ப்பது அதுதான். எப்போதாவது பாதாம் எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு உட்புறம் தடவலாம், பேட்டில் படாமல். புதுக் குழல் என்றால் முதல் சில வாரங்கள் நாளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஊதவும் வேண்டாம். மரம் மெதுவாக ஈரத்துக்குப் பழகட்டும். குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள். கடலோரம் என்பதால் இரும்பு ஸ்பிரிங்கில் துரு வருகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

ஷா ஆலம் வாசகர்: வெளிநாட்டிலிருந்து இணையம் வழி ஒரு பழைய எட்டுக் கீ குழல் வாங்கினேன். ‘பல ஆண்டுகளாக ஊதவில்லை, ஆனால் நல்ல நிலை’ என்றார் விற்றவர். வந்து சேர்ந்த குழலில் மூன்று கீ ஒழுகுகிறது, தலைக்கு அடுத்த துண்டில் வெடிப்பு. கேட்டால் ‘மலேசியாவின் வெப்பம்தான் காரணம்’ என்கிறார். என்ன செய்வது?

வெடிப்பின் உள்ளே பாருங்கள். புது வெடிப்பின் ஓரம் கூர்மையாக, உள்மரம் சுத்தமாகத் தெரியும். பழைய வெடிப்பில் அழுக்கும் எண்ணெயும் இறங்கி ஓரம் மழுங்கியிருக்கும். மழுங்கியிருந்தால் அருகில் எடுத்த படத்தோடு அவருக்கு எழுதுங்கள். ஈரமான ஊருக்கு வந்த மரம் உப்பும். வந்த கையோடு வெடிப்பது வறண்ட ஊருக்குப் போகிற மரம்தான்.

‘பல ஆண்டுகளாக ஊதவில்லை’ என்ற வரியைப் படித்தவுடனே விலையில் பழுதுச் செலவைக் கழிக்க வேண்டும். ஊதாத குழலில் தோல் பேட் காய்ந்து சுருங்கியிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பேட் மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் கால் துண்டின் கீழ் சி, சி-ஷார்ப் கீகளில் தோலுக்குப் பதிலாக வெள்ளீயக் கலவையில் வார்த்த சிறு முளைகள் இருந்தால், அவற்றைப் பள்ளத்தில் ஒட்டி உட்கார வைப்பதற்குப் பொறுமையும் பழகிய கையும் வேண்டும். எல்லாப் பழுதுகாரரிடமும் கொடுத்துவிடாதீர்கள். தலைக்கு அடுத்த துண்டின் வெடிப்பை ஒட்டி, முள் வைத்து இறுக்கிவிடலாம். அந்த இடத்தில் வெடிப்பு இருப்பது விலையைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, குழலைக் கொல்லாது. ஊதுதுளையின் ஊடே ஓடும் வெடிப்பு என்றால்தான் கவலை. துண்டுகளைப் பொருத்தும் முளைகளையும் பாருங்கள். வருடக்கணக்காக நூலை இறுக்கிச் சுற்றியவர்கள் முளையையே நெரித்துச் சிறுக்க வைத்திருப்பார்கள்.

வாங்குபவர்களுக்குப் பொதுவாகச் சொல்கிறேன். பணம் கட்டும் முன், குழலின் பக்கத்தில் அன்றைய தேதியைத் தாளில் எழுதி வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் மட்டும் வைத்துக்கொண்டு குழல் விற்பவர்கள் அந்த இடத்திலேயே மௌனமாகிவிடுவார்கள். ஒவ்வொரு கீயையும் தொட்டு ஒவ்வொரு ஸ்வரமாக ஊதிய காணொளியும் கேளுங்கள். நண்பருக்கு அனுப்புகிற வகையில் பணம் அனுப்பினால் திரும்பப் பெறும் பாதுகாப்பு இராது. வாங்குபவருக்குப் பாதுகாப்பு உள்ள வழியில் கட்டுங்கள், கூடுதல் கட்டணம் நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை. வரியை மிச்சப்படுத்துகிறேன் என்று விற்பவர் பொட்டலத்தில் குறைந்த விலை எழுதினால் சம்மதிக்காதீர்கள். வழியில் தொலைந்தால் காப்பீடு அந்தக் குறைந்த விலையைத்தான் தரும். 500 ரிங்கிட் வரைக்குமான இணையக் கொள்முதலுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்டவற்றைச் சுங்கத்துறை தனியாகப் பார்க்கும். சுங்கப் பட்டியலில் காற்றுக் கருவிகளின் தலைப்பு எண் 9205. அதைச் சொல்லிக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

செபெராங் ஜெயா வாசகர்: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படிகளில் என் மரக்குழலை ஊதிக்கொண்டு ஏறலாமா?

மூங்கில் எடுத்துப் போங்கள். முருகன் கீ கேட்கவில்லை.

ஈப்போ வாசகர்: என்னிடம் உள்ள எட்டுக் கீ கருமரக் குழல், உயிரோடு இருக்கும் ஒரு நல்ல கைவினைஞர் செய்தது. விரல் மூட்டு வலியால் விற்க வேண்டியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் கேட்டதற்கு ஆள் இல்லை என்கிறார்கள். எப்படி விற்பது, என்ன விலை சொல்வது?

பிரிக்பீல்ட்ஸில் மூங்கில் குழலுக்கும் வயலினுக்கும் ஆள் வருவார்கள். இந்தக் குழலை நம் நாட்டில் தேடுகிறவர்கள் மிகச் சிலர். வெளிநாட்டுக்குத்தான் விற்க வேண்டியிருக்கும், அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

விலைக்கு அளவுகோல் நீங்கள் கொடுத்த தொகை இல்லை. அதே கைவினைஞர் அதே குழலுக்கு இன்று என்ன கேட்கிறார், எவ்வளவு காலம் காக்க வைக்கிறார் என்று பாருங்கள். காத்திருப்பு நீண்டதாக இருந்தால், பழகிய நல்ல குழல் புது விலையை நெருங்கிக்கூடப் போகும்; கையோடு கிடைக்கிறதே என்பதற்காகக் கொடுப்பார்கள். காத்திருப்பே இல்லாதவர் செய்தது என்றால் கணிசமாகக் குறைக்க வேண்டியிருக்கும். மூட்டு வலியைக் காரணமாக எழுதினால் இரக்கத்தில் விலை கூடாது. ஆனால் ‘ஏன் விற்கிறார்’ என்ற சந்தேகம் தீரும். எழுதுங்கள்.

குறையை முதலில் சொல்லுங்கள். ஒட்டிய வெடிப்பு, மாற்றிய பேட், சற்று வளைந்த கால் துண்டு, எதுவானாலும் படத்தோடு. சொல்லிவிட்ட குறைக்கு வாங்குபவர் விலை குறைப்பார். சொல்லாத குறைக்குக் குழலையே திருப்பி அனுப்புவார், அப்போது இரண்டு வழித் தபால் செலவும் உங்கள் தலையில். சோதித்துப் பார்க்க ஒரு வாரம் கொடுங்கள். கொடுக்காத விற்பனையாளரிடம் நானே வாங்க மாட்டேன்.

இப்போது மரம். ஆப்பிரிக்கக் கருமரம் டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்தது. நம்முடைய ஈட்டி மரத்துக்குச் சொந்தக்காரன். 2017 ஜனவரி 2 முதல் இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வந்து, அனுமதித் தாள் இல்லாமல் ஒரு குழலை விற்று அனுப்பவே முடியாத நிலை இருந்தது. குழல்காரர்கள், கிட்டார்காரர்கள் எல்லாரும் முறையிட்டார்கள். 2019-இல் ஜெனீவா மாநாட்டில் முடிவெடுத்து, அந்த ஆண்டு நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் விலக்கு கொடுத்தார்கள். ஆகவே உங்கள் குழலுக்கு அந்தத் தாள் தேவையில்லை. ஆனாலும் விலைச்சீட்டில் மரத்தின் அறிவியல் பெயரான டால்பெர்ஜியா மெலனாக்சைலானையும், செய்து முடித்த இசைக் கருவி என்பதையும் எழுதிவிடுங்கள். பழைய விதியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் அதிகாரி எங்காவது ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பார். பிரேசில் ஈட்டி மட்டும் இந்த விலக்குக்குள் வராது. அது 1992 முதல் முதல் பட்டியலில் இருக்கிறது. வளையமோ மூடியோ தந்தத்தில் இருந்தால் அனுப்பும் முன் மேலே பட்டர்வொர்த் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அனுப்பும்போது துண்டுகளைப் பிரித்து, சுருதிக் குழாயையும் வெளியே இழுத்து, ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். கீயின் மேல் எதுவும் அழுத்தக் கூடாது. குழல் பெட்டிக்கு வெளியே இன்னொரு பெட்டி, நடுவில் மெத்தென்ற பொருள். காப்பீட்டில் முழு விலை.

குலிம் வாசகி: கைக்கு வந்த குழலில் கீழ் ஸ்தாயி சுத்தமாக இருக்கிறது, மேல் ஸ்தாயி சேரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

திருப்பி அனுப்பும் முன் தலைத் துண்டின் உள்ளே அடைத்திருக்கும் கார்க்கைப் பாருங்கள். ஊதுதுளையின் மையத்திலிருந்து ஏறக்குறைய 19 மில்லிமீட்டரில் அது நிற்க வேண்டும். பயணத்தில் நகர்ந்திருக்கலாம். துடைக்கும் கம்பியில் கோடு போட்டு அளந்து, மெதுவாகத் தள்ளிச் சரிசெய்து ஊதிப் பாருங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தைப்பிங் வாசகர்: நான் தச்சன், கடைசல் இயந்திரம் வைத்திருக்கிறேன். செங்கால், மெர்பாவ் போன்ற நம் நாட்டு மரத்தில் இப்படிக் குழல் செய்து விற்க முடியுமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். முடியும், ஆனால் மரத்தை மாற்றுங்கள். மெர்பாவ் ஈரம் பட்டால் செம்பழுப்புச் சாயம் விடும். வெள்ளைச் சட்டையோடு மேடையேறியவர் உங்களை மன்னிக்க மாட்டார். செங்கால் குங்கிலியம் சுரக்கிற மரம், நாரும் முரடு. குழலுக்கு வேண்டியது தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமும், கண்ணாடிபோல் தேய்க்க வரும் நுண்ணிய நாரும். ஆப்பிரிக்கக் கருமரமும், முன்பு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கோக்கஸ் மரமும் அந்த இரண்டு குணத்தால்தான் பெயரெடுத்தன. கருங்காலி வகை நல்ல காய்ந்த துண்டு கிடைத்தால் முயன்று பாருங்கள். டால்பெர்ஜியா மரத்தைக் கட்டையாக வரவழைப்பதாக இருந்தால் கவனம்: விலக்கு செய்து முடித்த கருவிக்குத்தான், கட்டைக்கு இல்லை. முன்கூட்டியே மரத் தொழில் வாரியத்தில் கேளுங்கள்.

வெளிப்புறத்தைக் கடைவது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிரமம் உட்புறம். நேர்த்துளை போட்டு, ஒரு வருடமாவது காயவிட்டு, பிறகு குறுகிப் போகும் வடிவத்துக்கு ரீமரால் குடைய வேண்டும். அந்த ரீமரை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும். அவசரமாகக் குடைந்த மரம் காயும்போது உட்புறம் முட்டை வடிவமாகிவிடும், சுருதி எந்தக் காலத்திலும் சேராது. பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து மலிவாக வருகிற எட்டுக் கீ குழல்கள் பலவற்றை மேசையில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பளபளப்பான கீ, ஒழுகும் பேட், கவனிப்பில்லாத ஊதுதுளை. அவர்கள் விலையோடு போட்டி போடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள்.

கீ பக்கமே போகாமல் தொடங்குங்கள். முதலில் தலைத் துண்டுகள் மட்டும் பத்துப் பன்னிரண்டு செய்து, ஊதுதுளையை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாற்றி வெட்டுங்கள். எது எப்படி ஒலிக்கிறது என்று எழுதி வையுங்கள். பினாங்குப் பக்கம் வரும்போது அவற்றைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். பழைய லண்டன் மாதிரியில் கடைந்த உடல் ஒன்று என்னிடம் இருக்கிறது, மாட்டி ஊதிப் பார்க்கலாம். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் வேண்டாம், அன்று பள்ளிக்கூட பேண்டு கிளாரினெட்டுகள் வந்து குவியும்.